ஒன்பது வயதில் மூடிய மதகு

ஜூன் 3

மாண்புமிகு மருமகள் கட்டெறும்புக்கு மாமன் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ மந்திரியாவாய், அதுவும் சுற்றுலாவுக்கோ விளையாட்டுக்கோ இல்லை, தண்ணீருக்கே மந்திரியாவாய் என்று சொன்னேன். உன் அத்தை சாட்சி. அவளைக் கேட்டால், "எப்போ சொன்னீங்க, எனக்கு ஞாபகம் இல்லையே" என்கிறாள். அடுப்பில் பால் வைத்ததே அவளுக்கு ஞாபகம் இருக்காது, அதை விடு.

நீ பதவியேற்றதை டீக்கடை டிவியில் பார்த்தோம். உன் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள், "மறைக்குதுய்யா, உட்காரு" என்று கத்தினார்கள். "மறைக்கட்டும், நிக்கிறது மந்திரியோட தாய்மாமன்" என்றேன். உறுதிமொழி படிக்கும்போது ஓர் இடத்தில் தடுக்கினாய். அது தடுக்கல் இல்லை, யோசனை என்று எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். அன்று டீக்கடைக்காரர் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இலவசமாக டீ கொடுத்தார். அத்தனை பேர் என்றால், எனக்கு.

போன் செய்யலாம் என்றுதான் பார்த்தேன். உன் உதவியாளர் எடுத்து, "எந்த மாமா?" என்று கேட்கிறார். எத்தனை மாமாக்கள் கிளம்பியிருக்கிறார்களோ. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் அழுதிருக்கிறார்.

நீ கடைமடையில் வாய்க்கால் சங்கச் செயலாளரானபோது உன் அப்பா, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வம்பு" என்றார். நான்தான் அடக்கினேன். முதல் தேர்தலில் தோற்றாய். "கட்டெறும்பு ஒரு தடவை விழுந்தா, அடுத்த தடவை வேற பக்கமா ஏறும்" என்று சொன்னேன். இரண்டாம் தேர்தலில் நான் மேடையேறினேன், நீ ஜெயித்தாய். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

மேடைக்கு மேடை நான் சொன்ன கதைதான் இன்று உன் போஸ்டர். நேற்றும் டீக்கடையில் ஒரு புது ஆள் கேட்டான், விடாமல் சொன்னேன். மழை பொய்த்த வருஷம். வாய்க்கால் பிரிகிற இடத்தில், தலைமடையில் நாங்கள். வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடையில் நீங்கள். பெரிய மதகு என் வயல் ஓரத்தில் இருப்பதால் அப்போது அதன் பொறுப்பு என்னிடம். அது திறந்திருந்தால் தண்ணீர் முழுக்க எங்கள் பக்கம், மூடினால்தான் உங்கள் பக்கம். இந்த வருஷம் மதகை யாரும் மூடக்கூடாது, மூடுகிறவனுக்கு நெல்லடிக்கக் களமும் இல்லை, உழ டிராக்டரும் இல்லை என்று தலைமடை கூடிச் சத்தியம் செய்தது. அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கடைமடையிலிருந்து தனியாகக் கரையோடு நடந்து வருகிறாள். வழியில் பாம்பு. பாம்பே ஒதுங்கிக்கொண்டது. அந்த மதகை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள். சக்கரத்தில் கை வைத்தாள், ஒரே மூச்சில் மூடினாள். அப்படியே மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

டிராக்டர்காரர் தலைமையில் முப்பது ஆம்பளைகள் தடியோடு வந்தார்கள். மூடியது யார் என்றார்கள். தூங்குகிற பிள்ளையின் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். கறுப்பாகச் சக்கரத்து கிரீஸ். "இத்தனூண்டு பிள்ளை மூடிட்டுப் போயிருச்சு. இனி தடியோட போய்த் திறந்தீங்கன்னா, குழந்தைகிட்ட சண்டைக்குப் போனவங்கன்னு ஏழு ஊரு சிரிக்கும்" என்றேன். ஒருத்தனும் மதகில் கை வைக்கவில்லை. உங்கள் பயிர் பிழைத்தது. அன்றைக்கே சொன்னேன், "இவ ஒரு நாள் ஆத்துக்கே சாவி வச்சிருப்பா" என்று.

சாவி வந்துவிட்டது. தலைமடையை மறந்துவிடாதே. நான் இங்கே கரும்பு போட்டிருக்கிறேன்.

உன் புகழ்பெற்ற மாமன்


ஜூன் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இங்கே நான்கு மேசைகளைத் தாண்டி வந்து சேர்ந்தது. உறையின் மேல் "அவசரம், ரகசியம், குடும்பம்" என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் படித்துவிட்டார்கள். என் உதவியாளர் இப்போது உங்களை "பாம்பு மாமா" என்கிறார். இனி போன் செய்தால் அப்படியே சொல்லுங்கள், கொடுப்பார்.

வீடு பெரிது. அம்மா வந்து பார்த்தாள். குளியலறைகளை எண்ணிவிட்டு, "இத்தனை குழாய், குளிக்க ஒரே ஒருத்தி" என்றாள். இரண்டாம் நாளே மாட்டுக்குப் புல் போட வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிறது.

அலுவலக அறையில் என் நாற்காலிக்குப் பின்னால் மாநிலத்தின் கால்வாய் வரைபடம் ஒன்று, சுவர் அளவுக்கு இருக்கிறது. பெரிய கால்வாய்களெல்லாம் நீலம். நம் வாய்க்கால் எங்கே என்று தேடினேன். உங்கள் ஊர் வரைக்கும் நீலக்கோடு வருகிறது. அங்கிருந்து எங்கள் ஊருக்குப் புள்ளிப் புள்ளியாகப் போட்டிருக்கிறார்கள். "இது என்ன?" என்று தலைமைப் பொறியாளரைக் கேட்டேன். "தண்ணீர் போனால் போகும் என்று அர்த்தம் அம்மா" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அந்தத் துறையில் புள்ளிக்கு அதுதான் அர்த்தம்.

அந்தப் புள்ளிகளைக் கோடாக்கத்தான் வந்திருக்கிறேன். முறைப் பாசன ஆணை ஒன்று கொண்டுவரப் போகிறேன். ஒரு வாரம் தலைமடைக்கு, மறு வாரம் கடைமடைக்கு. கடைமடை வாரத்தில் தலைமடை மதகுகள் மூடியிருக்க வேண்டும். மாநிலம் முழுக்க. முதலில் மூடப்போவது நம் வாய்க்கால் மதகு. அமைச்சரின் மாமா ஊரை விட்டுவிட்டு ஆரம்பித்தால் எந்த ஊரும் மூடாது. இதைச் செய்தித்தாளில் பார்க்கும் முன் நானே சொல்ல நினைத்தேன். கரும்பு போட்டிருக்கிறேன் என்கிறீர்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பாய்ந்தாலும் கரும்பு வரும், இனிப்பு கொஞ்சம் கூடும் என்கிறார்கள். உங்களிடம் கரும்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான்.

இன்னொன்று. மதகு கதையை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். தேர்தலில் சொன்னது போதும். கடைசிக் கூட்டத்தில் அந்தச் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு வந்துவிட்டது. போஸ்டர் வரைந்தவர் கப்பல் சக்கரமே போட்டுவிட்டார். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

"மாண்புமிகு" போடவில்லை. வேண்டுமென்றேதான்.

உலகத்தில் எத்தனையோ மந்திரிகள் வந்ததும் மாமனுக்கு வேலை கொடுப்பார்கள், ரோடு போட்டுக் கொடுப்பார்கள். என் மருமகள் வந்ததும் என் மதகைப் பூட்டுகிறாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முன்னறிவிப்பு எழுதிவிட்டுப் பாய்ந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

செய்தி வந்த அன்று தலைமடை கூடியது. டிராக்டர்காரருக்கு இப்போது கால் வலி, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குரல் மட்டும் பழைய குரல்.

"உன் மருமக எங்களைக் கைகட்டி நிக்க வைக்கப் பார்க்கிறா. என்னய்யா சொல்ற?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்றேன்.

"அப்ப நீ அவ பக்கமா, எங்க பக்கமா?"

"நான் கரும்பு பக்கம்" என்றேன். சிரிப்பில் கூட்டம் கலைந்தது. ஆனால் போகும்போது அவர் என் தோளைப் பிடித்து, "மூடச் சொல்லி ஆள் வந்தா நாங்க படுத்துருவோம், மதகு மேல ஏறிப் படுத்துருவோம்" என்றார். அந்தக் காலால் ஏற முடியாது, ஏற்றிவிட நாலு பேர் இருக்கிறார்கள். இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, உன் அத்தையிடம் உன் ஆணையை முழுக்க விளக்கினேன். கடைமடை வாரம், தலைமடை வாரம், எல்லாம். விளக்க விளக்க எனக்கே அது நல்ல ஆணையாகத் தெரிந்துவிட்டது. அதுதான் இன்னும் கோபம். அத்தை, "அவ மூளை அவ அம்மா மாதிரி" என்றாள். தாய்மாமன் மாதிரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கதையைச் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். கடிதம் வருவதற்கு முன்பே ஒரு பத்திரிகைக்காரர் வந்துவிட்டார். (கடிதம் முதல் நாள் வந்தது, உறையைப் பிரிக்கவில்லை. கண்ணாடி அத்தையிடம் இருந்தது.) அவர் பெரிய கேமராவோடு வந்தார். மதகைப் படம் எடுத்தார். கதையைச் சொன்னேன், ஆனால் அடக்கிச் சொன்னேன். பாம்பை விட்டுவிட்டேன். புலி மட்டும் ஒரு இடத்தில் வந்தது, தூரத்தில்.

மாமன்


ஜூலை 14

மாமா,

அவர் பத்திரிகைக்காரர் இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினராக இருக்கிற வக்கீலின் ஆள்.

நேற்று சட்டமன்றத்தில் என் ஆணை விவாதத்துக்கு வந்தது. வக்கீல் எழுந்தார். நல்ல குரல், நல்ல சட்டை, பேசுவதற்கு முன் தண்ணீர் குடிப்பார். ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். உங்கள் மதகு. அதன் சக்கரத்தில் இரண்டு ஆம்பளைகள் தொங்குகிறார்கள். அசையவில்லையாம். "அமைச்சர் ஒன்பது வயதில் ஒற்றை ஆளாக மூடியது இந்தச் சக்கரத்தைத்தான். அமைச்சரின் மாமா நேரில் சொன்னார். புலியும் பார்த்ததாம்" என்றார். மன்றமே சிரித்தது. எங்கள் பக்கமும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் சிரிக்காமல் சொன்னார். "அந்தக் கதையைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். அந்தக் கதையைச் சொல்லித்தான் இந்த ஆணை வருகிறது, நான் மூடினேன், நீங்களும் மூடுங்கள் என்று. கதை உண்மை என்றால் அமைச்சர் எழுந்து அவைக்குறிப்பில் ஏறும்படி சொல்லட்டும். பொய் என்றால் ஆணையைச் சுருட்டிக்கொண்டு போகட்டும்."

அடுத்த மாதம் முதல் வாரம் பதில் சொல்ல வேண்டும். அவைக்குறிப்பில் பொய் சொன்னது நிரூபணமானால் பதவி போகும். அதைவிட, ஆணை போகும். இனி இருபது வருஷத்துக்கு எந்த அமைச்சரும் கடைமடைப் பக்கம் திரும்ப மாட்டார். கட்சித் தலைவர் கூப்பிட்டு, "ஆமாம்னு சொல்லிட்டு உட்காரும்மா, யாரு அந்தக் காலத்துக்குப் போய்ப் பார்க்கப் போறாங்க" என்றார்.

அப்படிச் சொல்ல எனக்கு வராது. எனவே கேட்கிறேன். அன்று என்ன நடந்தது? பாம்பு, புலி, ஆற்றுச் சாவி எதுவும் வேண்டாம். நடந்தது மட்டும்.


ஜூலை 18

என் ராஜாத்திக்கு,

நீ கவலைப்படாதே. வக்கீல் என்றால் வாய். வாய்க்கு வாய் நான் இருக்கிறேன். எனக்கு ஒரு ரயில் டிக்கெட் அனுப்பு, சட்டமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்கிறேன். புதுச் சட்டை இருக்கிறது, கல்யாணத்துக்கு வைத்தது, யார் கல்யாணம் என்று இன்னும் முடிவாகவில்லை.

நடந்ததைக் கேட்டாய். நடந்தது நான் சொன்னதேதான். இரண்டு ஆம்பளைகளால் அசைக்க முடியவில்லை என்றால் அது அவர்கள் சாப்பாட்டுக் குறை. உனக்கு எட்டு வயதிலேயே நான் அந்தச் சக்கரத்தைத் திருப்பப் பழக்கியிருந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பயிற்சி. நீ மறந்துவிட்டாய். உன் கை அப்போது இரும்பு. ஒரு தடவை என் மூக்கில் குத்தினாய், இன்னும் கொஞ்சம் கோணல்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு உட்கார். உன் தலைவர் விவரம் தெரிந்தவர். அவருக்கும் என்னைப் போல ஒரு மாமன் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் மூன்று தடவை எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். அது பேனா சரியில்லை.

மாமன்


ஜூலை 27

மாமா,

பேனா சரியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மதகுக்கு வந்திருந்தேன். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வண்டி போனது. நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நீங்கள் மைக் செட் வைத்திருப்பீர்கள். அத்தை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் வண்டியைப் பார்த்துவிட்டு, யாரோ அதிகாரி என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அது எனக்கு வலித்தது.

இப்போது மதகைப் பார்த்துக்கொள்கிற மதகுக்காரரும் நானும் பொறியாளரும்தான். சக்கரத்தைப் பிடித்து என் முழு எடையையும் போட்டேன். அசையவில்லை. பொறியாளர் முயன்றார், சட்டை கிழிந்தது. மதகுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படி இல்லம்மா, முதல்ல திறக்கணும்" என்றார். மூட வேண்டிய சக்கரத்தைத் திறக்கிற பக்கமாக அரைச் சுற்றுத் திருப்பினார். உள்ளே திருகில் பிடித்திருந்த துரு விட்டது. பிறகு ஒரு கையால் மூடினார். "இந்த மதகுக்கு மட்டும் இந்தக் குணம். பொறுப்புல இருக்கிறவங்க சொல்லிக் கொடுத்தாதான் தெரியும். எனக்கு உங்க மாமாதான் சொன்னாரு" என்றார்.

முதல் கடிதத்தில், நான் அந்த மதகை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன் என்கிறீர்கள். கடைசிக் கடிதத்தில், எட்டு வயதிலேயே பழக்கினேன் என்கிறீர்கள். இரண்டும் உங்கள் கையெழுத்துதான். வாத்தியார் அழுதது எதற்கு என்று இப்போது புரிகிறது.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். முந்தின ராத்திரி அப்பா, "இந்த வாரம் தண்ணி வரலைன்னா நிலத்தைக் கொடுத்துட்டு டவுனுக்குப் போயிடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். விடிந்ததும் கிளம்பினேன். கரை சுட்டது. செருப்பு ஒரு காலில் அறுந்துபோனது. மதகு தெரிந்தது, மரம் தெரிந்தது. பிறகு எதுவும் இல்லை. முழித்தபோது ஆள்கள், சத்தம், உங்கள் சிரிப்பு. என் இரண்டு உள்ளங்கையிலும் கறுப்பு கிரீஸ். அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். இரண்டு நாள் சாப்பாட்டில் அந்த வாடை இருந்தது.

மூடியது எனக்கு நினைவில்லை. கிரீஸ்தான் நினைவு. கையில் இருந்ததால் நான்தான் மூடினேன் என்று நம்பினேன். முதல் முறை கலெக்டர் முன்னால் நின்றபோது உள்ளங்கையை மேசைக்கு அடியில் விரித்துப் பார்த்துக்கொண்டேன். தேர்தலில் தோற்ற அன்றும் பார்த்தேன். பதவியேற்கும்போது தடுக்கினேனே, அப்போதும் கையைத்தான் பார்த்தேன். வக்கீலுக்காக நான் உங்களைக் கேட்கவில்லை மாமா. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன், டிவியில் பாருங்கள். எனக்காகக் கேட்கிறேன். கிரீஸ் என் கைக்கு எப்படி வந்தது? ஒரு வரி போதும்.

கட்டெறும்பு


ஆகஸ்ட் 12

என் மாண்புமிகு கட்டெறும்புக்கு,

ஒரு வரி போதும் என்றாய். எனக்கு ஒரு வரியில் எழுதத் தெரியாது, நாலாம் வகுப்பில் அது பாடத்தில் இல்லை.

டீக்கடையில் நிற்க இடமில்லை. டிராக்டர்காரருக்கு நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். வக்கீல் தண்ணீர் குடித்தார், கேட்டார். நீ எழுந்தாய். கையில் காகிதம் இல்லை. "அன்று மதகை மூடியது நான்தானா என்று எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன். இனி அந்தக் கதையை யாரும் என் பெயரில் சொல்ல வேண்டாம், போஸ்டர்களை எடுக்கச் சொல்லிவிட்டேன். யாரோ ஒருவர் மூடினார். தண்ணீர் வந்தது. எங்கள் நிலம் எங்களிடமே இருந்தது, நான் பள்ளிக்கூடம் போனேன், இங்கே நிற்கிறேன். ஒரு நாள் ஒருவருக்கு மனசு வந்ததால் நடந்ததை, மனசு வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும்படி செய்வதற்குத்தான் இந்த ஆணை" என்றாய்.

சட்டமன்றத்தில் மேசையைத் தட்டினார்கள், வக்கீல் பக்கமும் இரண்டு பேர் தட்டினார்கள், நான் எண்ணினேன். ஆணை நிறைவேறியது. எத்தனையோ மந்திரிகளை டிவியில் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் "தெரியாது" என்று சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் அந்த வார்த்தை இதுவரை வாயில் வந்ததில்லை. நீ அப்படிச் சொல்வாய் என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் சொன்னேன்.

டிராக்டர்காரர் என் பக்கம் திரும்பி, "என்னய்யா, உன் மருமகளே கைவிட்டுட்டா. உன் பாம்பு, புலியெல்லாம் எங்கே கட்டி வைக்கப் போற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். கேட்டுக்கொள், காசு கொடுத்தேன்.

நேற்றுத்தான் முதல் கடைமடை வாரம் ஆரம்பித்தது. மூடச் சொல்லி மதகுக்காரர் வந்தார். தலைமடை முழுக்கக் கரையில் நின்றது. டிராக்டர்காரரை நாற்காலியோடு தூக்கி வந்து மதகுப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், மேலே ஏற்ற ஆள் தயார். மதகுக்காரர் சக்கரத்துக்குப் போகத் தயங்கினார். நான் போனேன். புதுச் சட்டையோடு போனேன், கல்யாணம் நடக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாது.

"நீயாடா மூடப் போற? உன் கரும்பும் காயும்டா" என்றார் டிராக்டர்காரர்.

"காயட்டும். இனிப்பு கூடுமாம்" என்றேன்.

சக்கரத்தைப் பிடித்தேன். திறக்கிற பக்கம் அரைச் சுற்று. துரு விட்டது. பிறகு மூடினேன். என் வயசுக்கு ஒரே மூச்சில் வரவில்லை, நடுவில் இரண்டு தடவை நின்றேன். தண்ணீர் எங்கள் பக்கம் இறங்குவது நின்று, வாய்க்காலில் நிமிர்ந்து, உங்கள் ஊர்ப் பக்கம் நடந்தது. யாரும் படுக்கவில்லை. டிராக்டர்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ரொம்பப் பழகின கை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு தன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார், வீட்டுக்கு.

இப்போது நீ கேட்டது.

நீ நடந்து வந்தது நிஜம். அதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையில்லை. உச்சி வெயிலில் ஒரு காலில் செருப்போடு வந்தாய். நீ கேட்கத்தான் வந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கரை நிறைய ஓடுகிற தண்ணீரைப் பார்த்து, "மாமா, இவ்வளவு தண்ணியா" என்றாய். மரத்தடியில் சாய்ந்தாய், தூங்கிவிட்டாய். தலைமடை முழுக்க அந்நேரம் சாப்பிட்டுப் படுத்திருந்தது. யாரும் மூடக்கூடாது என்று கூட்டத்தில் முதலில், எல்லோரையும்விடச் சத்தமாகச் சத்தியம் செய்தவன் நான்.

மூடியது நான். மூடிய பிறகுதான் பயம் வந்தது. களம் போகும், டிராக்டர் போகும், எலும்பும் கொஞ்சம் போகும். பிள்ளை மூடியது என்றால் பிள்ளையை யாரும் அடிக்க மாட்டார்கள், திறக்கவும் வெட்கப்படுவார்கள். மேடையில் ஆயிரம் பெருமை பேசியிருக்கிறேன். இந்த ஒன்றைப் பேச முடியவில்லை. முதலில் பயம், பிறகு அது உனதாகிவிட்டது. நீ நிமிர்ந்து நடக்கிறதைப் பார்த்த பிறகு எப்படித் திருப்பிக் கேட்பது?

பாம்பு, புலி எல்லாம் சும்மா, கேட்கிறவர்களுக்கே தெரியும். ஆற்றுச் சாவி பற்றி நான் அன்றைக்குச் சொன்னேனா என்றால், ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருக்கலாம். பொய் என்று கணக்கெடுத்தால் ஒன்றே ஒன்றுதான். நீ தூங்கும்போது சக்கரத்து கிரீஸை இரண்டு விரலில் வழித்து, உன் உள்ளங்கை இரண்டிலும் தடவினேன். நீ முழிக்கவில்லை. விரல்களை மட்டும் மடக்கிப் பிடித்துக்கொண்டாய்.

மாமன்